வேர்ப்பதற்கான விண்ணப்பம்

ஏப்ரல் மாதத்து மட்டக்களப்பில், நிழலில் நின்றாலும் முதுகு நனைகிற பகல் வேளையில், ஒரு மனிதர் தன் வீட்டுப் பின்வளவில் வேர்ப்பதற்கென்று ஒரு பெட்டி கட்டப்போகிறேன் என்று சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. சின்ன உப்போடையில் யூஸ்டஸைக் கண்டவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டி, "வேர்க்கிறதுக்கு என்னத்துக்கண்ணே பெட்டி? என்ட குசினி அடுப்படிக்குள்ள வந்து பத்து நிமிசம் இருங்க, போதும்" என்றாள்.

யூஸ்டஸ் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். "ஐறிஸ்ட விரலுக்கு."

ஐறிஸ் அவருடைய மனைவி. இந்தப் பட்டினத்து மணப்பெண்களில் பாதிப் பேருக்குக் கவுண் தைத்த கை அவளுடையது. ஒரு வருடமாக அந்தக் கை காலையில் எழும்பினால் மரத்துக் கிடக்கும். பத்து விரலும் தன்னுடையவை அல்ல என்பது போல அவற்றை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க ஒன்பது மணியாகும். ஊசி பிடிக்கிற கதையே இல்லை. ஜனவரி பதினெட்டாம் திகதி மகள் எறிக்காவுக்குக் கலியாணம். வெள்ளைச் சாட்டின் துணியும் ஓரத்துக்கு வைக்கிற ரேந்தைப் பின்னலும் அலுமாரியில் மடித்தபடி கிடந்தன. "கடையில ஒண்டு எடுப்பம் மம்மி" என்று எறிக்கா சொன்ன அன்று ஐறிஸ் சாப்பிடவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்துப்போட்டுத் தன் பிள்ளையைக் கடைக் கவுணோடு கோயிலுக்கு அனுப்புவதா என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

உலர்ந்த சூடுதான் மருந்து என்றார் டொக்டர். ஈரச் சூடு கூடாது, ஆவியில் வேது பிடித்தால் அவளுக்கு மூச்சு முட்டும். காற்று முழுக்கக் காய்ந்து சூடாக இருக்கிற இடத்தில் தினமும் உடம்பு வேர்க்க இருந்தால் விரல் இளகும். பின்லாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற மகன் றயன் உடனே படம் அனுப்பினான். ஒரு மரப்பெட்டி, உள்ளே உட்கார ஒரு வாங்கு, மூலையில் மின் அடுப்பு, அடுப்பின் மேல் கல். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறதாம், சவுனா என்று பெயராம். "கொழும்பில ஒரு கம்பனி கொண்டுவந்து பூட்டித் தரும் டடா. நீங்க கை வைக்க வேணாம்" என்றும் சொன்னான்.

அந்தக் கடைசி வசனம் யூஸ்டஸுக்குச் சுட்டது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் இருபத்தேழு வருடம் கொதிகலனுக்கு முன்னால் நின்றவர் அவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். காற்று வர அடியில் ஒரு துவாரம், வெளியே திறக்கிற கதவு, சூடு பிடித்து வைக்கிற சுவர். இதில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. முதிரைப் பலகை வீட்டிலேயே அடுக்கிக் கிடந்தது. இரண்டு மணித்தியாலம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"நானே செய்யிறன்."

"நீ செய்தாத்தான் சரியா வரும்" என்றாள் ஐறிஸ்.

தீர்மானம் முடிந்தது. வாசிக்கிறவர்கள் இந்த இரண்டு மணித்தியாலத்தை மறந்துவிட வேண்டாம். மிச்சக் கதையெல்லாம் அதற்குத் தண்டனைதான்.

மின் அடுப்புக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். அதற்கு மின்சாரக் கந்தோருக்குப் போனார். அவர்கள் வெக்கைக் கந்தோரில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

வெக்கைக் கந்தோர் என்பது ஊர் வைத்த பெயர். பலகையில் உள்ள பெயர் 'மனைசார் வெப்ப வசதிகள் ஒழுங்கமைப்புப் பணியகம், மட்டக்களப்புக் கிளை.' கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் குளிர் நாடொன்றுக்கு ஆய்வுப் பயணம் போய், வரும்போது ஒரு குளிர்ச்சட்டையையும் ஒரு சட்டத்தையும் கொண்டுவந்தார். குளிர்ச்சட்டை இங்கே உதவவில்லை. சட்டம் உதவிற்று. மாவட்டத்தில் ஒரு வேர்வைப் பெட்டியும் இல்லாதபடியால், கிளை சும்மா இருக்கக்கூடாதென்று பேக்கரிப் போறணைகளையும், இஸ்திரிக் கடைகளையும், வாகரைப் பக்கம் கருவாடு உணத்துகிறவர்களையும் தன் கீழ் எடுத்துக்கொண்டது. வியாழக்கிழமை விண்ணப்பதாரிகள் நாள். காலை எட்டரைக்கு இலக்கத் துண்டு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு பின்புறத் தகரக் கொட்டிலில் இருக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவார்கள்.

முன் கருமபீடத்தில் விண்ணப்பம் வாங்குகிற அஸீமா இருந்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை. படிவத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்களே செய்றதா, அனுமதி எடுத்த முகவர் செய்றதா?"

"நானே."

"தீர்மானிச்சிட்டீங்களா?"

"ஓம், தீர்மானிச்சிட்டன்."

அவள் பேனையை வைத்தாள். "அப்பிடிச் சொல்லாதீங்க சேர். தானாச் செய்றதா இல்லையா எண்டு நீங்க தீர்மானிக்க ஏலா. தீர்மானிக்கிறதுக்கு விண்ணப்பிக்கத்தான் ஏலும். தீர்மானச் சான்றிதழ் வந்த பிறகு தீர்மானிக்கலாம். அதுக்கு முதல் தீர்மானிச்சிருந்தா அது குத்தம். நான் 'யோசித்துக்கொண்டிருக்கிறார்' எண்டு போடுறன்."

"போடுங்க."

இப்படியாக, எல்லாம் யோசித்து முடித்த மனிதர் அரசாங்கப் பதிவில் யோசிக்கத் தொடங்கினார்.

"பயனாளி ஆரு?"

"என்ட மனிசி."

"அப்ப ஒவ்வொரு முறையும் அவங்களும் வரவேணும். வேர்க்கப்போறவங்க நேரில இல்லாட்டிப் பைல் நகராது."

அடுத்த வியாழன் இருவரும் போனார்கள். தீர்மானச் சபையின் முன் நேர்முகம். அறைக்குள் ஏசி, பல் கிட்டுகிற குளிர். மேசைக்குப் பின்னால் மூன்று கதிரை. நடுக் கதிரையில் உதவிப் பணிப்பாளர் வினாயகமூர்த்தி. மற்ற இரண்டு பதவிக்கும் இன்னும் ஆள் எடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் அவர் இடமும் வலமும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

"மிஸ்டர் யூஸ்டஸ், நீங்க கொதிகலன்ல வேலை செய்த ஆள் எண்டு போட்டிருக்கு."

"இருபத்தேழு வருசம் சேர்."

"அது பெரிய வெப்பம். இது சின்ன வெப்பம். பெரிய வெப்பத்தில பழகினவங்க சின்ன வெப்பத்த மதிக்க மாட்டாங்க. அதால அது உங்களுக்கு எதிரான புள்ளி." எழுதிக்கொண்டார். பிறகு பேனையை மூடிவிட்டு ஐறிஸைப் பார்த்துப் பேசினார். "அம்மா, சில பேர் சொல்றாங்க, இந்தப் பணியகம் மக்களத் தாமதப்படுத்துது எண்டு. தாமதம் எண்டா என்ன? ஒருத்தர் அவசரத்தில செய்யப்போற பிழையை அவர் செய்யாமப் பாதுகாக்கிறது. நாங்க வந்து ரெண்டு வருசம். இந்த மாவட்டத்தில ஒரு வேர்வைப் பெட்டிக்குள்ளயாவது ஆருக்காவது ஒரு சின்னக் காயம் வந்திருக்கா?"

"பெட்டியே இல்லையே சேர்" என்றார் யூஸ்டஸ்.

"அதுதான். அந்த நிலைமைய உருவாக்கினது ஆரு?"

ஐறிஸ் மடியில் கிடந்த விரல்களைப் பார்த்தாள். குளிரில் அவை இன்னும் மோசமாக விறைத்திருந்தன. சபை ஏகமனதாக முடிவெடுத்தது: விண்ணப்பதாரி 'தாமாக நிறுவுவோர் விழிப்பூட்டல்' பயிற்சிக்குப் போக வேண்டும்.

பயிற்சி இரண்டு நாள். முதல் நாள் மங்கள விளக்கேற்றி வினாயகமூர்த்தி தலைமையுரை. இரண்டாம் நாள் அவரே நன்றியுரை. இடையில் பரீட்சை. முதலாவது கேள்வி, 'வெப்பம் என்றால் என்ன?' யூஸ்டஸுக்கு மனம் குளிர்ந்தது. சூடு எப்படி ஏறும், எப்படி இறங்கும், இரும்பில் எப்படி ஓடும், மரத்தில் ஏன் ஓடாது என்று இரண்டு பக்கம் எழுதினார். சித்தியடையவில்லை. கையேட்டில் சரியான விடை இருந்தது: 'வெப்பம் என்பது, இச்சட்டத்தின் நோக்கங்களுக்காக, வெப்பமெனப் பணியகம் கருதுவதாகும்.' மறு பரீட்சையில் அதை எழுத்துப் பிசகாமல் எழுதினார். நூற்றுக்கு நூறு. வரும் வழியில் ஓட்டோவுக்குள் ஐறிஸ் பாராட்டினாள். அவருக்குச் சந்தோசம் வரவில்லை. கோபமும் வரவில்லை. அது எங்கே போனதென்று அவர் தேடவும் இல்லை.

ஜூலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நௌஷாட் வீட்டுக்கு வந்தான். கையில் அளவு நாடாவும் ஒரு பெட்டி சோக்கும்.

"பெட்டியப் பரிசோதிக்க வந்தன் சேர்."

"பெட்டி இன்னும் கட்டல்லயே தம்பி."

"கட்டியிருந்தா சட்டவிரோதம். பூட்டுப் போட்டிட்டுப் போயிருப்பன். கட்டுறதுக்கு முதல்தான் பரிசோதிக்க ஏலும்."

பின்வளவுச் சீமெந்துத் தரையில் அவன் பெட்டியைச் சோக்கால் கீறினான். நாலு சுவர், ஒரு கதவு, வாங்கு, மூலையில் அடுப்பு. அழகாகத்தான் கீறினான். வாங்கு இருக்கிற இடத்தில் இரண்டு கதிரையைப் போடச் சொன்னான். யூஸ்டஸ் கதிரையோடு கோட்டைத் தாண்டக் காலை வைத்தார்.

"சேர், அது செவர். கதவால வாங்க."

அவர் சுற்றிப் போய்க் கதவால் வந்தார். ஐறிஸும் வந்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள். பதினைந்து நிமிடம் இருக்க வேண்டுமாம், பாவனையைக் கண்டால்தான் அறிக்கை எழுதலாமாம். நௌஷாட் மாமர நிழலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தான். உச்சி வெயில். சீதேவிப்பிள்ளையின் தலை வேலிக்கு மேலால் வந்தது.

"என்னண்ணே, பெட்டி வந்திட்டா?"

"உள்ளுக்குத்தான் இருக்கம்" என்றார் யூஸ்டஸ்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள். நௌஷாட் எழுதினான்: கதவு இலகுவாகத் திறக்கிறது. அடுப்பு வாங்குக்கு நாலு அங்குலம் கிட்ட இருக்கிறது, திருத்த வேண்டும். குனிந்து பழைய அடுப்பைக் கையால் அழித்து, புதிய அடுப்பைத் தள்ளிக் கீறிவிட்டுப் போனான்.

இதற்கிடையில் வியாழக்கிழமைகள் ஓடின. படிவம் ஏழு, இணைப்பு மூன்று, அயலவர் ஆட்சேபனையின்மைக் கடிதம், அந்தக் கடிதத்தில் அயலவர் அயலவர்தான் என்பதற்கு இன்னொரு கடிதம். கணவனும் மனைவியும் எட்டரைக்குத் துண்டு எடுத்துத் தகரக் கொட்டிலில் இருப்பார்கள். பேக்கரிக்காரரும் கருவாட்டுக்காரரும் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். ஒருவரும் பெரிதாகக் கதைப்பதில்லை.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. அமிர்தகழிக் கோயிலில் மாமாங்கத் தீர்த்தம். அந்த வியாழன் கந்தோரில் பாதிப் பேர் தீர்த்தத்துக்குப் போய்விட்டார்கள், விண்ணப்பதாரிகள் நாள் இல்லை என்று அறிவித்தல் தொங்கியது. ஒரு கிழமை வீட்டில் இருந்தார்கள். அந்தக் கிழமைதான் ஐறிஸ் கோப்பையைக் கீழே போட்டாள்.

உடைந்த துண்டுகளை யூஸ்டஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள், "யூஸ்டஸ், இவ்வளவு நாளும் வெள்ளிக்கிழமைகள்ல எனக்குக் கை நல்லாத்தானே இருந்தது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளியும் சனியும். ஞாயிறுதான் திரும்பப் பிடிக்கும். இந்த வெள்ளி மட்டும் இல்ல."

அடுத்த வியாழன் அவர் சேட்டுப் பைக்குள் ஒரு வெப்பமானியைக் கொண்டுபோனார். தகரக் கூரை, காற்று வராமல் சுற்றிவர அறிவித்தல் பலகைகள் அடித்த சுவர். அது மட்டும் போதாது. கொட்டிலின் பின்சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக வினாயகமூர்த்தியின் அறை ஏசியின் பின்பக்கம் கொட்டிலுக்குள் ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே அவர்கள் குளிரக் குளிர, வெளியே இது காய்ந்து கொதித்தது. வெப்பமானி ஐம்பதைக் காட்டியது. நல்ல உலர்ந்த சூடு. கொதிகலன்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏப்ரலில் இரண்டு மணித்தியாலத்தில் அவர் மனதில் கட்டிய பெட்டி இதுதான். அனுமதி இல்லாமல் கட்டியவர்கள் யாரென்றால், அனுமதி கொடுக்கிறவர்கள்.

அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐறிஸை மட்டும் ஓட்டைக்குப் பக்கத்து வாங்கில் இருத்தினார்.

அன்று கருமபீடத்தில் கேட்டார், "பிழையான படிவத்தைத் திருத்த எந்த நாள் வரலாம் மிஸ்?"

"திருத்தம் எண்டா எந்த நாளும் வரலாம் சேர்."

அதற்குப் பிறகு யூஸ்டஸ் பிழை விடத் தொடங்கினார். திங்கள் திகதி போடவில்லை. செவ்வாய் தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் மனைவி பெயரை எழுதினார். புதன் படிவத்தைத் தலைகீழாக நிரப்பினார். ஐறிஸ் வெள்ளை விரிப்பில் சுற்றிச் சாட்டின் துணியைக் கொண்டுவந்தாள். பத்து மணிக்கு விரல் இளகும். பத்தரைக்கு ஊசி கோர்ப்பாள். பேக்கரிக்காரர் மாத்தூள் படக்கூடாதென்று தள்ளி இருந்தார். ரேந்தை வைக்கிற நேரம் கருவாட்டுக்காரர் தன் கையை மணந்து பார்த்துவிட்டு, தொடாமல், வெளிச்சம் மறைத்த பலகையை மட்டும் சாய்த்துப் பிடித்தார். மேற்சட்டை முடிந்தது. பாவாடை முடிந்தது. ஐறிஸ் தைக்கிறபோது மெல்லப் பாடினாள். அந்தக் கொட்டிலில் ஆள் பாடியது அதுதான் முதல் தடவை.

அஸீமாவுக்கு விளங்கிற்று. ஒருநாள் படிவத்தைப் பார்த்துச் சொன்னாள், "சேர், இந்த முறை கையொப்பம் போட்டிட்டீங்க."

"மறந்து போட்டிட்டன்."

"அழிச்சிட்டுத் தாங்க. நாளைக்கு வரலாம்."

நவம்பரில் மழை தொடங்கியது. வாவி நிரம்பிக் கரைக்கு வந்தது. பின்வளவில் நௌஷாட் கீறிய பெட்டி கரைந்து போனது. ஆனால் மழையானாலும் உள்ளே ஏசி ஓடியது, வெளியே கொட்டில் கொதித்தது. கவுணின் வலது கை தைத்து முடிந்தது. இடது கை மட்டும் மிச்சம். வினாயகமூர்த்தி தாழ்வாரத்தில் யூஸ்டஸைக் கண்டு நின்று, "உங்கட பைல் இறுதிக் கட்டத்துக்கு வந்திட்டுது" என்று சொன்னபோது யூஸ்டஸ் ஒரு அடி பின்னால் வைத்தார். எட்டு மாதம் கேட்டது கிடைத்துவிடுமோ என்று பயந்தார்.

பயப்பட்டது போல நடக்கவில்லை. வேறு ஒன்று நடந்தது. தலைமையகத்திலிருந்து புதிய வெப்ப அளவி வந்திருந்தது. அதை எங்காவது பிடித்துப் பார்க்க வேண்டுமே. டிசம்பர் முதல் வியாழன், பகல், நௌஷாட் அதைத் தகரக் கொட்டிலுக்குள் கொண்டுவந்து அழுத்தினான். ஐம்பத்தொன்று. திரும்ப அழுத்தினான். அவனுடைய முகம் மாறியது. நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட எந்த மூடிய இடமும் 'வெப்ப வசதி.' பதிவு இல்லாத வெப்ப வசதி கண்ட இடத்திலேயே, கண்டபடியே, முத்திரையிடப்பட வேண்டும்.

"பாதுகாப்புக்காக எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க" என்றான்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. எல்லாரும் வெளியே வந்தார்கள். ஐறிஸ் ஊசியைத் துணியில் குத்தி, கவுணை வாங்கில் வைத்து, விரிப்பால் மூடிவிட்டு வந்தாள். பத்து நிமிடத்தில் கதவுக்குச் சங்கிலி, சங்கிலிக்கு அரக்கு, அரக்குக்கு முத்திரை.

யூஸ்டஸ் உள்ளே போனார். வினாயகமூர்த்தி தன் அறையில் இல்லை. மண்டபத்தில், விண்ணப்பதாரிகளுக்கென்று புதிதாகப் போட்ட பிளாஸ்ரிக் கதிரையில், கையில் இலக்கத் துண்டோடு இருந்தார். பக்கத்தில் நௌஷாட்.

"வாங்க மிஸ்டர் யூஸ்டஸ். பாருங்க, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நாங்களே அனுமதியில்லாம ஒரு வெப்ப வசதியத் தானா நிறுவியிருக்கம். பெரிய பிழை. கண்டுபிடிச்சதும் நாங்கதான். அதனால விண்ணப்பிச்சிருக்கம். எங்கட நம்பர் பதினொண்டு."

"சேர், மனிசிட கவுண் உள்ளுக்கு. மகள்ட கலியாணம் அடுத்த மாசம்."

"அது இப்ப சான்றுப் பொருள். கொட்டிலத் திறக்கிறதெண்டா முதல்ல அந்த வெப்ப வசதியக் கழட்டத்தான் வேணும். நாங்களே கழட்டுறதா, முகவர் கழட்டுறதா எண்டு தீர்மானச் சபை தீர்மானிக்க வேணும்."

"சபைத் தலைவர் நீங்கதானே. தீர்மானிங்க."

வினாயகமூர்த்தி வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். "நான் இதில விண்ணப்பதாரி. என்ட விண்ணப்பத்த நானே கேட்டா அது ஊழல். சபையில வேற ஆளும் இல்ல. நியமனம் வரும்வரைக்கும் பொறுக்கத்தான் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம் சொல்லட்டா. இதில இருந்து பார்க்கேக்கதான் தெரியுது, சேவை நல்லா நடக்குது. ஒருத்தரும் அவசரப்படல்ல."

நாலாம் நாள் ஐறிஸின் விரல்கள் பழையபடி மரத்தன. புதன்கிழமை மாலை அவள் கேட்டாள், "மறுகா என்ன யூஸ்டஸ், நாளைக்குத் துண்டு எடுக்கப் போவமா?"

அழுதிருந்தால் அவர் தேற்றியிருப்பார். அவள் அழவில்லை. மரக்கறி வாங்கப் போவமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். யூஸ்டஸுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. ஏப்ரலில் ஏதோ ஒன்றைத் தீர்மானித்த ஞாபகம் அவருக்கு இருந்தது. என்ன என்று யோசித்து எடுக்கச் சற்று நேரம் சென்றது.

வியாழன் பகல் பன்னிரண்டரைக்கு, மண்டபத்தில் எல்லாரும் துண்டோடு இருக்கும்போது, அவர் சுத்தியலும் குறடும் வைத்த ஆயுதப் பெட்டியோடு கொட்டிலின் பின்பக்கம் போனார். முப்பது கிழமை உள்ளே இருந்து பார்த்த தகரம். எந்த ஆணி சரியாக இறங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். நாலாவது ஆணியைக் கழற்றும்போது அஸீமா சாப்பாட்டுப் பெட்டியோடு மூலை திரும்பி வந்தாள்.

"சேர், என்ன செய்றீங்க?"

"தீர்மானிச்சிட்டன்."

அவள் தகரத்தைப் பார்த்தாள். உள்ளே வாங்கில் வெள்ளையாகத் தெரிந்ததையும் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டியை நிலத்தில் வைத்தாள். "இது சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்தில நடக்கிறத நாங்க பதியிறல்ல" என்று சொல்லி, சாட்டினில் கீறுப்படாமல் தகரத்தின் கூர் முனையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கவுண் வெளியே வந்த பிறகு யூஸ்டஸ் நாலு ஆணியையும் திரும்ப அடித்தார். முன்பு இருந்ததைவிடச் சரியாக அடித்தார்.

முதிரைப் பலகை ஏப்ரலில் அடுக்கிய இடத்திலேயே கிடந்தது. மின்சாரத்துக்குக் கடிதம் வேண்டும், விறகுக்கு வேண்டாம். இதை ஏப்ரலிலேயே யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு விண்ணப்பித்திருந்தபடியால் யோசிக்கவில்லை. பழைய இரும்புப் பீப்பாவை வெட்டி அடுப்பாக்கினார், தகரக் குழாயால் புகையை வெளியே விட்டார். அடுப்பை வாங்கிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வைத்தார். அந்த ஒரு விசயத்தில் நௌஷாட் சொன்னது சரி. நாலு நாளில் பெட்டி எழும்பியது. ஐறிஸ் உள்ளே போய்க் கால் மணித்தியாலம் இருந்தாள். வெளியே வந்து, பத்து விரலையும் அவருடைய முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். அந்த வருடத்தில் அவருக்குச் சந்தோசம் உறைத்தது அன்றைக்குத்தான்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கவுணின் இடது கை முடிந்தது. ஜனவரி பதினெட்டில் எறிக்கா தாய் தைத்த கவுணோடு கோயிலுக்குள் நடந்து போனாள். சீதேவிப்பிள்ளை ரேந்தையைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு வேலையும் எங்கே வைத்துத் தைத்தது என்று கேட்டாள். "ஒரு கை மட்டும் வீட்டில. மிச்சமெல்லாம் கந்தோர்ல" என்றாள் ஐறிஸ்.

கலியாணம் முடிந்த செவ்வாய் தபாலில் தீர்மானச் சான்றிதழ் வந்தது. வேர்வைப் பெட்டியொன்றைத் தாமே நிறுவுவதா இல்லையா என்பது குறித்துத் திரு. யூஸ்டஸ் இத்திகதியிலிருந்து தீர்மானிக்கலாம். அவர் அதைப் பைலுக்குள் வைத்தார்.

வியாழன் காலை ஆறு மணிக்கு இருவரும் எழும்பினார்கள். யூஸ்டஸ் இஸ்திரி போட்ட சேட்டைப் போட்டார். ஐறிஸ் தலை வாரித் தண்ணீர்ப் போத்தலை நிரப்பினாள். பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற் படலைவரை வந்து, ஓட்டோவுக்காக ரோட்டைப் பார்த்து நின்றார்கள். நெடுநேரம் நின்ற பிறகுதான் போவதற்கு ஓர் இடமும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்குள் போக மனம் வரவில்லை. பின்வளவுக்குப் போனார்கள். பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே போய், வாங்கில் பக்கத்துப் பக்கமாக இருந்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. பைல் யூஸ்டஸின் மடியில் இருந்தது.

"நம்பர் எத்தனை?" என்றாள் ஐறிஸ்.

அவர் சேட்டுப் பைக்குள் விரலை விட்டார். பழைய துண்டு ஒன்று கிடந்தது. "முப்பத்தினாலு."

"இப்ப எத்தனை போகுது?"

"தெரியாது."

ஐறிஸ் தலையாட்டினாள். இருவரும் கதவைப் பார்த்தபடி, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள்.